நீரேற்று நிலையமா, பேட்டரி நிலையமா?

சூரிய மின்தகடுகளின் விலை சரிந்ததால் பகல் மின்சாரம் மலிவாகிவிட்டது. ஆனால் அதைச் சேமித்து வைத்து இரவு 7 மணிக்கு, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஒருசேர ஓடும் வேளையில் கொடுப்பதற்கு ஆகும் செலவு தனி. தமிழ்நாட்டின் முன் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது நீரேற்று மின் நிலையம். ஆனைமலைத் தொடரில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையின் நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவை உயரும்போது அதே நீரைச் சுழலிகள் வழியே இறக்குகிறது. ஏற்றுவதற்குச் செலவிட்ட மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான் திரும்பக் கிடைக்கும். எனினும் அணையும் சுரங்கமும் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைக்கும் என்பதால் முதலீட்டின் சுமை நீண்ட காலத்துக்குப் பரவிவிடுகிறது. கட்டி முடிப்பதுதான் பெரும்பாடு: நீலகிரியின் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது, அத்தகைய தாமதத்தின் வட்டியும் மின் கட்டணத்தில்தான் வந்து சேரும்.

இரண்டாவது வழியான லித்தியம் பேட்டரி நிலையத்தை ஓரிரு ஆண்டுகளில், துணைமின் நிலையத்தின் அருகிலேயே நிறுவிவிடலாம். காடும் மலையும் தப்பும், மின்னிழப்பும் குறைவு. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பேட்டரிக் கலங்களை மாற்ற வேண்டியிருக்கும்.

மாலையில் இரண்டு மணி நேர நெருக்கடிக்குப் பேட்டரியே சிக்கனம் என்பது என் கணிப்பு. ஆறேழு மணி நேரம் தொடர்ந்து தர வேண்டுமெனில், ஏற்கெனவே இருக்கும் அணைகளுக்கிடையே நீரேற்றம் அமைப்பதே கட்டுப்படியாகும்.