சந்தா வழிச் செயற்கை நுண்ணறிவா, சொந்தக் கணினியில் இயங்குவதா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, சிறு நிறுவனங்கள் பலவும் மாதச் சந்தா கட்டி இணையவழிச் சேவையை நாடுகின்றன; முன்முதலீடு இல்லை, அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, நிலுவைத் தொகை அடங்கிய பில்லை அதில் ஒட்டும் ஒவ்வொரு முறையும் அந்தத் தரவு வெளியாரின் சர்வருக்குப் போகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

2023 ஜூலையில் மெட்டா வெளியிட்ட லாமா 2 போன்ற, வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதியுள்ள மொழி மாதிரிகளைச் (கேட்பதற்குப் பதில் எழுதும் மென்பொருள்களைச்) சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். 700 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட மாதிரியை, ஒவ்வோர் எண்ணும் 4 பிட் இடமே பிடிக்கும்படி சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜிபி நினைவகமே பிடிக்கும். பதிலின் தரம் சற்றுக் குறையும், பராமரிக்க ஆளும் வேண்டும். விளம்பர வாசகம் எழுதச் சந்தாவே போதும். சம்பளப் பட்டியலையும் கடன் கணக்கையும் கையாளும் வேலைக்கு, வேகம் குறைந்தாலும், சொந்தக் கணினியையே பரிந்துரைப்பேன்.