கொலோனோஸ்கோபி மருந்து: முதல் நாளே முழுவதுமா, பாதி பாதியா?

டியூப் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைதான் கொலோனோஸ்கோபி. அதற்குத் தேதி வாங்கியவர்கள் டியூபை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும்போது அது பலருக்கு நினைவில்கூட நிற்பதில்லை. பாடு எல்லாம் அதற்கு முன்னால், குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்தான பெக் பவுடர் கரைசலை இரண்டு லிட்டர் குடித்து முடிப்பதில்தான். அதை எப்போது குடிப்பது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு.

ஒன்று, முந்தின நாள் சாயங்காலமே முழுவதையும் முடித்துவிடுவது. படுக்கப் போவதற்குள் ஓட்டம் ஓரளவு ஓயும், விடிந்ததும் கிளம்பலாம். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இதுதான் தோது. ஆனால் இரண்டு லிட்டரையும் ஒரே மூச்சாகக் குடித்தால் வயிறு உப்பும், சிலருக்கு வாந்தி வரும். பெரிய குறை வேறு. சுத்தமான குடல் விடியும்வரை அப்படியே இருக்காது. சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இரவெல்லாம் இறங்கி, பெருங்குடலின் வலப்பக்கச் சுவரில் படியும். தட்டையான பாலிப்கள் (குடல் சுவரில் முளைக்கும் சதைகள்) அந்தப் பக்கம்தான் அதிகம் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று, சாயங்காலம் பாதி, விடியற்காலையில் பாதி. 2014இல் அமெரிக்க வழிகாட்டலும் 2019இல் ஐரோப்பிய வழிகாட்டலும் இதையே சொல்லின. பத்து மணிக்குப் பரிசோதனை என்றால் ஐந்து மணிக்கு இரண்டாம் பாதியைத் தொடங்கி, எட்டுக்குள் முடிக்க வேண்டும். மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால்தான் அந்த இரண்டு மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி இன்னும் கூடுதலாகக் கேட்டால் அதன்படியே செய்யுங்கள். தூக்கம் கெடும், உண்மைதான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. குடல் சரியாகத் தெரியாமல் திரும்பவும் வரச் சொன்னால், மறுபடியும் முதலிலிருந்து இரண்டு லிட்டர்! தூரத்து ஊர்க்காரர்கள் மத்தியான நேரமாகக் கேட்டு வாங்கலாம். அப்போது மொத்தத்தையும் அன்று காலையிலேயே குடிக்கவும் வழி உண்டு.

குடிக்கும் அளவு குறைவு என்று பெக்குக்குப் பதிலாகப் பாஸ்பேட் பேதித் திரவத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. வாய்க்குச் சுலபம், சிறுநீரகத்துக்கு ஆபத்து. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே பாஸ்பேட் வகைப் பேதி மாத்திரைகளுக்குக் கடும் எச்சரிக்கையே போட்டது. வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகக் கேட்டு வாங்கவே கூடாது.

பெக் கரைசலை ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். கால் மணிக்கு ஒரு டம்ளர் போதும். முந்தின நாள் வெள்ளைச் சோறு, இட்லி சரி. கீரை, கொய்யா, எள், கேழ்வரகு வேண்டாம். மருந்து தொடங்கியபின் வடிகட்டிய இளநீர், பால் விடாத டீ போன்றவை மட்டும் (சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் ஆகாது). சிவப்பு நிறப் பானங்களைத் தொடாதீர்கள், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தத்தை இளக்கும் மாத்திரை பற்றித் தேதி வாங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியில் மஞ்சள் தண்ணீராக, அடி தெரியும் அளவுக்குத் தெளிவாகப் போக வேண்டும். இன்னும் கலங்கலாகப் போனால் உள்ளே அழைத்துப் போவதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். எனிமா கொடுக்கலாமா என்று பார்ப்பார்கள்.