ராமநாதபுரக் கரையில் ஓட்டத் தொடக்கம் பழகுதல்: மூன்று நிலைகள், மூன்று தரைகள்

தொண்டி முதல் மூக்கையூர் வரையிலான கரையோர ஊர்களில், பள்ளிப் பிள்ளைகளை நூறு மீட்டருக்கும் இருநூறு மீட்டருக்கும் பழக்குகிறவர்களிடையே இரண்டு வாதங்கள் ஓய்வதே இல்லை. ஓட்டத்தை நின்ற நிலையிலிருந்து தொடங்கப் பழக்குவதா, ஒரு கையை ஊன்றிய நிலையிலிருந்தா, ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்தா (கால்களை ஊன்றித் தள்ளுவதற்காகத் தரையில் பதிக்கும் இரண்டு சாய்தட்டுகள்) என்பது ஒன்று. கால் புதையும் உலர் மணலில் பழக்குவதா, அலை நனைத்த ஈர மணலிலா, சுண்ணாம்புக் கோடு போட்ட பள்ளித் திடலிலா என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியாகப் பேசுவதே வழக்கம். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை மனத்தில் வைத்துப் பார்த்தால், தான் தரையை எந்தத் திசையில் தள்ளுகிறோம் என்பதை அந்தப் பிள்ளைக்கு எது கண்ணெதிரே காட்டுகிறது என்ற ஒரே கேள்வியில் இரண்டும் வந்து சேர்கின்றன.

2009-இல் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் உசேன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது, முதல் 10 மீட்டருக்கு 1.89 விநாடி ஆயிற்று. 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடைப்பட்ட 20 மீட்டரையோ அவர் 1.61 விநாடியில் கடந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஓட்டக்காரருக்கும் வேகம் ஏற அறுபது மீட்டர் வரை தேவைப்பட்டது என்றால், பதின்மூன்று வயதுப் பிள்ளை முப்பது, நாற்பது மீட்டருக்குள் தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டு, மீதித் தொலைவு முழுவதும் அதைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டுதான் ஓடுகிறது. ஆகவே தொடக்கமும் வேகமேற்றமும் சேர்ந்து பந்தயத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. இதில் துப்பாக்கி ஒலி கேட்டு எழும் சுறுசுறுப்புக்கு நாம் தரும் மதிப்பு கொஞ்சம் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெர்லின் ஓட்டத்தில் போல்ட்டின் எதிர்வினை நேரம் 0.146 விநாடி, அவரைவிட விரைவாக எழுந்தவர்கள் அதே வரிசையில் இருந்தும் பின்தங்கினார்கள். 0.1 விநாடிக்குள் எழுந்தால் அது தவறான தொடக்கம் என்பது விதி. ஒரே ஒரு தவறான தொடக்கத்துக்காக அதே போல்ட் 2011-இல் தென் கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் நூறு மீட்டர் இறுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் உலகம் பார்த்தது. எனவே காதைப் பழக்குவதற்கு முன் காலைப் பழக்குவதே நல்லது.

நிலைகள்

நின்ற நிலைத் தொடக்கத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவே போதும். ஒரு கால் முன்னே, மறுகால் ஒன்றரைப் பாத அளவு பின்னே, முன்காலுக்கு எதிர்க்கை முன்னே என்று நிற்கச் சொன்னால் பெரும்பாலோர் சரியாகவே நின்றுவிடுகிறார்கள். சிக்கல், எடையைப் பின்காலில் வைத்துக்கொண்டு நிற்பதில்தான் இருக்கிறது. அப்படி நிற்கும் பிள்ளை ஒலி கேட்டதும் முதலில் நிமிர்கிறது, பிறகுதான் ஓடுகிறது. உடல் முன்சாய்வதற்குள் இரண்டு அடி தீர்ந்துவிடுகிறது.

கை ஊன்றிய நிலை இந்தக் குறையைத் தானாகவே பாதி தீர்த்துவிடுகிறது. முன்காலுக்கு எதிர்க்கையைத் தரையில் ஊன்றி, மறுகையைப் பின்னே உயர்த்தி, இடுப்பைத் தோளைவிடச் சற்றே உயரமாக வைத்தால், எடை முன்காலின் மேல் விழாமல் வேறெங்கும் போக முடியாது. பிள்ளை தாழ்வான கோணத்திலேயே புறப்பட்டாக வேண்டும். கையை எடுத்ததும் விழுவதுபோல் ஓர் உணர்வு வரும். அந்த விழுகையைக் காலால் பிடித்துக்கொண்டே ஓடுவதுதான் வேகமேற்றம் என்பதை, எத்தனை வாய்ச்சொல் சொல்லியும் புரியாத பிள்ளைக்கு இந்த நிலை ஒரே காலையில் புரியவைத்துவிடும்.

பிளாக்கின் கதை வேறு. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் பர்க் குனிந்து தரையில் கை ஊன்றி நூறு மீட்டரைத் தொடங்கி வென்றார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஓட்டக்காரர்கள் ஓடுதளத்தில் குழி தோண்டிக் கால் பதித்தே புறப்பட்டார்கள். 1936-இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் சிறு கரண்டியால் தோண்டிய குழியிலிருந்துதான் எழுந்து ஓடினார். ஒலிம்பிக்கில் பிளாக் முதன்முதலாக வந்தது 1948 லண்டனில்தான். நம் கரையில் பிள்ளைகள் குதிகாலால் மணலைக் குடைந்து குழி செய்துகொண்டு பந்தயம் வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஓவன்ஸின் கரண்டி நினைவுக்கு வருகிறது.

பிளாக் தரும் நன்மை உண்மையானது. ஆனால் அதைப் பெற்றுக்கொள்ளும் வலிமை காலில் இருக்க வேண்டும். துப்பாக்கி ஒலிக்குச் சற்று முன் 'செட்' என்று தயார்க்குரல் சொன்னதும் முன்முழங்கால் ஏறத்தாழ 90 பாகையிலும் பின்முழங்கால் 120 முதல் 130 பாகையிலும் நிற்க, அந்த மடக்கத்திலிருந்து உடல் முழுவதையும் முன்னோக்கித் தள்ளுவதற்குத் தொடையிலும் இடுப்பிலும் கணிசமான பலம் தேவை. அது இல்லாத பிள்ளை இரண்டில் ஒன்றைச் செய்கிறது: பொம்மைபோல் நேரே மேலே எழுந்துகொள்கிறது, அல்லது தலை முந்திக் கால் பிந்தித் தடுமாறுகிறது. இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

பிளாக்கின் இடைவெளியிலும் ஒரு போட்டி இருக்கிறது. இரண்டு தட்டுகளையும் நெருக்கி வைத்தால் புறப்பாடு சுறுக்கென்று இருக்கும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். 1952-இல் அமெரிக்க உடற்கல்வி ஆய்வாளர் ஃபிராங்க்ளின் ஹென்றி 11, 16, 21, 26 அங்குல இடைவெளிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, 11 அங்குல நெருக்கத்தில் கால் பிளாக்கை விட்டு விரைவாகவே விலகியது. ஆனால் விலகும்போது உடலிடம் இருந்த வேகம் குறைவு. 16 அங்குலத்தை ஒட்டிய நடுத்தர இடைவெளியே ஓட்டத்தில் மேலான பலனைத் தந்தது. சீக்கிரம் கிளம்புவதும் வேகமாகக் கிளம்புவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நடைமுறையில் கோட்டிலிருந்து பிள்ளையின் சொந்தப் பாதத்தால் இரண்டு பாதம் தள்ளி முன்தட்டு, மூன்று பாதம் தள்ளிப் பின்தட்டு என்று தொடங்கி, பிறகு ஆளுக்கேற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

மண் திடலில் பிளாக்கை நம்புவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நான் அழைத்துச் சென்றிருந்த ஒரு சிறுமிக்கு, காய்ந்து உதிர்ந்த மண்ணில் மேலோட்டமாக அறைந்திருந்த ஆணி பிடுங்கிக்கொண்டு பின்தட்டு வழுக்கிவிட்டது. முட்டியைச் சிராய்த்துக்கொண்ட அவள் அந்த ஆண்டு முழுவதும் பிளாக்கில் பாதி மனத்தோடுதான் தள்ளினாள். அதிலிருந்து, இன்னொரு பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பாதத்தால் பிளாக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லாமல் எவரையும் நான் ஓடவிடுவதில்லை.

ஆயினும் அதிகாரபூர்வப் போட்டிகளில் 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்குக் குனிந்த தொடக்கமும் பிளாக்கும் கட்டாயம். குறுவட்டப் போட்டியை வெறுங்காலோடும் வெறுங்கையோடும் கடந்துவிடும் பிள்ளை, மாநிலப் போட்டிக்குப் போய் அங்கே பிளாக்கை முதன்முதலாகத் தொடுவது கொடுமை. ஆகவே பிளாக்கை முற்றிலும் ஒதுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எப்போது என்பதில்தான் வேறுபாடு.

தரைகள்

உலர் மணலின் புகழுக்குப் பி.டி. உஷா ஒரு காரணம். பய்யோலிக் கடற்கரையில் ஓடிப் பழகிய அவர், 1984 லாஸ் ஏஞ்சலிஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். அவரைச் சொல்லி நம் பிள்ளைகளைக் கணுக்கால் வரை புதையும் மணலில் ஓடவிடுகிறார்கள். மணல் உடலுக்குக் கடினம் என்பதில் ஐயமில்லை. மணலில் ஓடுவதற்குக் கெட்டித்தரையைப்போல் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் கடினமாக இருப்பதாலேயே ஒன்று தொடக்கத்துக்கு உகந்ததாகிவிடாது. உலர் மணலில் பின்னோக்கித் தள்ளினால் மணல்தான் பின்னே போகிறது, உடல் முன்னே போவதில்லை. பிள்ளை அதை உணர்ந்து, வழுக்காமலிருக்க நேர்க்கீழாக மிதிக்கவும் அடியைச் சுருக்கவும் பழகிக்கொள்கிறது. தரையில் கால் தங்கும் நேரமும் நீள்கிறது. தொடக்கத்தில் எந்தத் திசையைப் பழக்க நினைக்கிறோமோ அதற்கு நேர்மாறான திசையை அந்த மணல் பழக்கிவிடுகிறது. குதிகால் விரல்களுக்குக் கீழே அமிழ்வதால் குதிநரம்பு அளவுக்கு மீறி இழுபடுவதும் உண்டு. எலும்பு வளரும் வயதில் குதிகால் வலியோடு வரும் பிள்ளையை முதலில் உலர் மணலிலிருந்துதான் வெளியேற்ற வேண்டும். வாரத்தில் ஒரு நாள், இடுப்புக்கும் கணுக்காலுக்கும் உறுதி சேர்க்க, மெதுவான தாவல்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ஈர மணலுக்கு வேறெந்தத் தரைக்கும் இல்லாத ஒரு குணம் இருக்கிறது: நடந்ததை அது எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு பிள்ளை கை ஊன்றிய நிலையிலிருந்து பத்து மீட்டர் ஓடி முடித்ததும், ஓடிய பிள்ளையையே திரும்ப அழைத்து வந்து தன் தடங்களைப் படிக்கச் சொல்ல வேண்டும். முன்பாதம் ஆழப் பதிந்து, மணல் பின்னோக்கித் தெறித்திருந்தால் தள்ளல் சரி. குதிகால் முன்னே குத்தி, மணல் முன்பக்கம் குவிந்திருந்தால் அந்த அடியில் பிள்ளை தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. முதல் அடியிலிருந்து ஆறாம் அடிவரை ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதைவிட அரைப் பாதமேனும் கூடியிருக்க வேண்டும். இரண்டாம் அடியிலேயே பெரிதாக எட்டி வைத்து மூன்றாம் அடியில் சுருங்கியிருந்தால், பிள்ளை அவசரப்பட்டு நிமிர்ந்துவிட்டது என்று பொருள். தடங்கள் இடமும் வலமுமாகச் சற்றே அகன்று தொடங்கி, போகப்போக ஒரு கோட்டை நெருங்குவது இயல்பு. கேமராவும் கணினியும் இல்லாத ஊரில் இதற்கு ஈடான ஆசிரியர் கிடையாது.

ஆனால் ஈர மணலுக்கு நேரமும் இடமும் பார்க்க வேண்டும். நம் பகுதியில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், கெட்டியான ஈரப் பட்டை அகலமாக இராது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்துப் பட்டையை விழுங்கிவிடும். அப்போது வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். பாம்பனிலும் மண்டபத்திலும் இரு கடலும் நடைதொலைவில் இருப்பதால் கரை மாற்றிக்கொள்வது எளிது; பிற ஊர்களில் அந்த வசதி இல்லை. பட்டை கடலை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் கணுக்காலும் நோகும். போகும்போது நான்கு ஓட்டம், திரும்பும்போது நான்கு ஓட்டம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தென்கரையில் பவளச் சில்லும் சிப்பியும், இருகரையிலும் அறுந்த வலைத்துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும். வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள் முதலில் முப்பது மீட்டரை நடந்து பொறுக்கிவிட்டுத்தான் ஓட வேண்டும். கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போகாமலிருப்பது மரியாதை.

பள்ளித் திடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பந்தயம் அங்கே நடக்கிறது, கால் கொடுத்த விசையைத் தரை அப்படியே திருப்பித் தருகிறது, ஸ்பைக்ஸ் என்னும் ஆணிக் காலணியும் பிளாக்கும் அங்கேதான் பொருந்தும். தடம் தெரியாதது ஒன்றே குறை. பத்து மீட்டருக்குத் தண்ணீர் தெளித்துச் சமன் செய்தால் தெரியும். குடிநீருக்கே குடங்கள் வரிசையில் காத்திருக்கும் மாவட்டத்தில் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சலித்த மணலை மெல்லிய படலமாகத் தூவினாலும் போதும்.

சுமையும் காற்றும்

மேட்டில் ஏறி ஓடுவது வேகமேற்றத்துக்கு நல்லது என்பார்கள். நமக்கு மேடு இல்லை. கண்மாய்க் கரையின் சரிவு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பிள்ளை ஓடுவதற்குப் பதில் ஏறத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மாற்றாக, பழைய நைலான் கயிற்றில் இருசக்கர வண்டியின் டயரைக் கட்டி இழுப்பது மேல். வேகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையாத அளவே சுமை இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளர்களிடையே பழகிய அளவு. ஈர மணலில் டயர் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே சைக்கிள் டயரே அதிகம்.

எவ்வகைத் தொடக்கமானாலும் ஒரு நாளைக்கு 10 மீட்டரில் ஆறு, 20 மீட்டரில் நான்கு ஓட்டங்களுக்கு மேல் வேண்டாம். ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் ஓய்வு தர வேண்டும். மூச்சிரைக்க ஓடும் பிள்ளை தொடக்கத்தைப் பழகுவதில்லை, களைப்பைத்தான் பழகுகிறது.

எந்த முறை மேல் என்று கடிகாரத்தைக் கேட்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கிறார்கள். நூறு மீட்டரில் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். அவ்வளவு பிழையுள்ள கருவியால் பத்து மீட்டரின் வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. மற்றது காற்று. சாதனையாக ஏற்கப்பட, பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது மணிக்கு 7.2 கிலோமீட்டர். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. அத்தகைய கரையில் இன்றைய நேரத்தை நேற்றைய நேரத்தோடு ஒப்பிடுவதற்குப் பொருள் இல்லை.

ஆகவே நான் செய்வது இது. திடலில், ஒத்த வேகமுள்ள இருவரை அடுத்தடுத்த தடத்தில் நிறுத்தி, ஒருவரைப் பிளாக்கிலிருந்தும் மற்றவரைக் கை ஊன்றிய நிலையிலிருந்தும் ஒரே ஒலிக்கு ஓடவிட்டு, பத்து மீட்டர்க் கோட்டில் ஒருவர் நின்று யார் முந்தினார் என்று பார்க்க வேண்டும். பிறகு இருவரும் இடம் மாற வேண்டும். காற்று இருவருக்கும் ஒன்றே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெரும்பாலும் கை ஊன்றியவர்தான் முந்துகிறார். ஒரு பிள்ளை பிளாக்கிலிருந்து தொடர்ந்து மூன்று காலைகள் முந்தத் தொடங்கினால், அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் திடலில் பிளாக், வாரத்தில் ஒரு நாள் ஈர மணலில் தடம் படித்தல். மற்றவர்களுக்கு அதுவரை கை ஊன்றிய தொடக்கம், பெரும்பாலும் ஈர மணலில்.