சென்னையில் பேண்ட் வைத்திருப்பவர் எங்கே வாசிப்பது?

சென்னையில் சொந்தப் பாட்டு வாசிக்கிற பேண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. மேடைகள் அந்த வேகத்தில் கூடவில்லை. பெங்களூருக்காரர்கள் இந்திராநகர், கோரமங்களா என்று கையைக் காட்டிவிடுவார்கள். நமக்கு அப்படி ஒரு நடு ஊர் கிடையாது. எழும்பூரில் ஒன்று, நுங்கம்பாக்கத்தில் ஒன்று, பெசன்ட் நகர் மணலில் ஒன்று என்று சிதறிக் கிடக்கிறது.

ஐந்து பேர் கொண்ட பேண்ட், நிச்சயம் வரும் கூட்டம் 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். மியூசிக் அகாடமி மாதிரி பெரிய சபா அரங்கெல்லாம் இந்தக் கணக்கில் வராது. 150 பேர் முன் சில வரிசைகளிலேயே அடங்கிவிடுவார்கள். பாடுகிறவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாட வேண்டியதுதான்.

முதலில் ஹோட்டல் பார், ஏனென்றால் எல்லோரும் முதலில் போய் நிற்பது அங்கேதான். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் இடம் என்றால் பெரும்பாலும் ஹோட்டலும் கிளப்பும்தான். பாட்டுக்காகவே பிறந்த பப் இங்கே பெருகாததற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஹோட்டலுக்கு இசை என்பது சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள. அரங்க வாடகை கிடையாது, கையில் கொஞ்சம் பணமும் வரும், சரி. ஆனால் ஒரு பாரில் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, சொந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் மேனேஜர் வந்து, "கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கணுமாம், கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றார். அடுத்து வாசித்தது பழைய சினிமாப் பாட்டு. அதற்குத்தான் கைதட்டல் வந்தது.

மால் முற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் உண்டு, அது உங்கள் கூட்டம் இல்லை. நாலு மாடிக் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒலியில் பாட்டு வரிகள் கூழாகிவிடும். வரி முக்கியமில்லாத பேண்டுக்குச் சரிப்படும்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர் விஷயமே வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மேடைக்கு மைக் என்ற ஒன்று வருவதற்கு முன்பே நாடகத்துக்காகக் கட்டியது. அரைவட்டமாகப் படிப்படியாக ஏறும் இருக்கைகள். கடைசி வரிசைக்காரரும் பாடுகிறவர் முகத்தைப் பார்க்கலாம். வெறும் தொண்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும் கூடம் அது. அங்கே கிதாரும் குரலும் மட்டும் என்றால் சொர்க்கம். முழு டிரம்ஸை இறக்கினால் சிக்கல். சவுண்ட்காரர் மற்ற எல்லாவற்றையும் டிரம்ஸ் மட்டத்துக்கு ஏற்றிக்கொண்டே போவார், கடைசியில் மானிட்டர் (மேடையில் பேண்டை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) கீச்சென்று கத்தும். தவிர, 150 பேர் அங்கே கால்வாசிதான் நிரப்புவார்கள்.

நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கும் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலையான்ஸ் பிரான்சேஸின் அரங்கு சின்னது. அந்தச் சின்னதுதான் அதன் பலம். வருகிறவர்கள் கேட்கத்தான் வருகிறார்கள். பாட்டு முடிந்து கடைசி சுரம் அடங்கும்வரை யாரும் தொண்டையைக்கூடச் செருமுவதில்லை. ஜூன் 21 உலக இசை நாள் 1982இல் பிரான்சில் பிறந்தது, அதனால் அந்த வீட்டுக்கும் பேண்டுகளுக்கும் உறவு இயல்பானது. குறை இல்லாமல் இல்லை: நாற்காலி போட்ட அரங்கில் எழுந்து ஆட முடியாது. ஆட வைக்கிற பேண்டுக்கு அந்த அமைதியே தண்டனை.

அப்புறம் வெட்டவெளி. சாதிக்கு எதிராகப் பாடும் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்ட் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானத்தில் முதல்முறை ஏறியபோது மேடையில் 19 பேர். எந்த ஹோட்டல் பாரின் மூலையில் 19 பேரை நிறுத்துவீர்கள்? பறையும் சட்டி மேளமும் கானாவும் நாலு சுவருக்குள் அடங்குகிற சத்தமும் இல்லை. 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா கடற்கரைக் குப்பத்திலேயே மேடை போட்டது. கர்நாடக சங்கீதம் கேட்க சபா வாசலையே மிதிக்காதவர்களும் அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். கடல் காற்று மைக்கில் புகுந்து ஊதத்தான் செய்யும், பரவாயில்லை. செலவுதான் இடிக்கும். மேடை, ஜெனரேட்டர், போலீஸ் அனுமதி எல்லாம் உங்கள் தலையில். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்துக்கு மேல் வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆறரைக்குத் தொடங்குவதாகச் சொல்லி எட்டுக்குத் தொடங்குவது நம் வழக்கம் என்பதால், வெட்டுப்படுவது எப்போதும் கடைசிப் பாட்டுதான்.

150 பேர் கூட்டம் வரும் அந்த பேண்டை நான் அலையான்ஸுக்குத்தான் அனுப்புவேன். நாலைந்து கச்சேரி போய், கூட்டம் முன்னூறைத் தாண்டினால் மியூசியம் தியேட்டர், அதுவும் டிரம்ஸை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கஹோனோடு (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி). டிரம்மரிடம் இதை யார் சொல்வது என்பதை பேண்டே முடிவு செய்துகொள்ளட்டும்.