கோவையிலிருந்து மங்களூருக்கு: வீடும் லேத்தும் இடம் மாறி இரண்டு ஆண்டுகள்

கோவையில் என்னுடன் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த தம்பி ஒருவர் சென்ற வாரம் அழைத்தார். அவருக்கும் மங்களூருக்கு மாற்றலாகியிருக்கிறது. "ஏனுங்கண்ணா, லேத்தை அங்க கொண்டு வர்றதா, இங்கயே வித்துப்போட்டு வர்றதா? நீங்க யாருகிட்ட விட்டீங்க, அவிங்க வேலை எப்படி?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் நான் லேத்தின், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தின், கிராஸ் ஸ்லைடைக் (வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) கழற்றி, டீசல் ஊற்றிய தட்டில் போட்டுத் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே தொலைபேசியில் நான் சொன்ன பதில் நியாயமானதாக இருந்திருக்காது. எழுத்தில் சற்று நிதானமாகச் சொல்ல முயல்கிறேன். ஆனால் இது ஜூலை மாதம், வெளியே மூன்று நாட்களாக விடாத மழை என்பதையும் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2023 ஜூன் 3ஆம் தேதி மாலை கோவையில் வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றின் லாரியில் ஏற்றி, 5ஆம் தேதி காலை மங்களூரில் இறக்கினோம். இரண்டு படுக்கையறை வீட்டின் சாமான்களும், அவற்றோடு என் வீட்டுப் பட்டறையும்: நாலரை அடி லேத், பில்லர் டிரில், பெஞ்ச் கிரைண்டர், வைஸ், மார்க்கிங் செய்யும் சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதள வார்ப்பிரும்புப் பலகை, முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த டூல்கள். வீட்டுச் சாமான்களைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவுமில்லை. கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் சுற்றிய மாவு அரைக்கும் கிரைண்டர் உட்பட எல்லாம் முழுதாக வந்து சேர்ந்தன. (கோவையிலிருந்து எதை விட்டு வந்தாலும் அதை மட்டும் விட்டு வர வீட்டில் சம்மதித்திருக்க மாட்டார்கள்.) ஒரு கண்ணாடி மூடியில் மட்டும் விரிசல் இருந்தது, அது கோவையிலேயே இருந்தது என்கிறார் என் மனைவி. தேக்கு அலமாரியின் கதவு ஜூன் மாதம் பிறந்தால் நவம்பர் வரை சரியாக மூடுவதில்லை. அது மரத்தின் குணம். கொண்டு வந்தவர்கள் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

காகித வேலையில் ஒரே ஒரு சச்சரவுதான். இ-வே பில் (சரக்கை லாரியில் கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) எடுப்பதற்கென்று அந்த நிறுவனத்தார் தனியாக 1,500 ரூபாய் கேட்டார்கள். பயன்படுத்திய சொந்த உடைமைகளுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் இ-வே பில் தேவையில்லை என்பது ஜி.எஸ்.டி. விதி 138இன் இணைப்பிலேயே இருக்கிறது. அதைக் காட்டியதும், லேத் வீட்டுப் பொருளாகாது, அது தொழில் இயந்திரம் என்று வாதிட்டார்கள். விற்பனைக்கு இல்லாத, என் தந்தையார் காலத்திலிருந்து என் வீட்டில் இருக்கும் பழைய பொருள் என்று கைப்பட ஒரு கடிதமும் சாமான் பட்டியலும் எழுதி ஓட்டுநரிடம் கொடுத்தேன். வழியில் யாரும் கேட்கவில்லை. காருக்கு மட்டும் ஒரு வார்த்தை: வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்கியே ஆக வேண்டும். அதற்கான தடையில்லாச் சான்றைக் கோவையில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. நான் வாங்காமல் வந்து இரண்டு முறை போய் வந்தேன்.

இனி சாலை. பாலக்காடு, கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு வழி ஒன்று உண்டு. ஆனால் கடற்கரை நெடுஞ்சாலையில் அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்ததால், சத்தியமங்கலம், திம்பம், மைசூர், மடிக்கேரி வழியாகப் போவதாகச் சொன்னார்கள். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை சரக்கு வண்டிகள் செல்லத் தடை இருக்கிறது. கோவையை விட்டு மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிய லாரி அதற்கு முன் மலையடிவாரத்துப் பண்ணாரியைத் தாண்ட வாய்ப்பே இல்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வண்டி இரவு முழுவதும் பண்ணாரியில் நின்றது. எனக்கு அதில் கோபமில்லை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளை அந்த ஓட்டுநர் தூங்கி எழுந்து பகலில் ஏறியதே நல்லது என்றுதான் நினைத்தேன். 400 கிலோ வார்ப்பிரும்பு ஒரு வளைவில் சரிந்தால் லாரியின் பக்கவாட்டுப் பலகை அதைத் தாங்காது.

அது சரியவில்லை. இந்த அனுபவம் முழுவதிலும் நான் எதிர்பாராத நன்மை என்றால் அதுதான். அதற்குக் காரணம் ஏற்ற வந்த சுமைப்பணியாளர்களில் மூத்தவர். வந்ததும் லேத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தலைக்கனம் இதுக்கு, கால் போதாது" என்றார். லேத்தின் எடை பெரும்பாலும் ஹெட்ஸ்டாக் (பொருளைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கமும் மேற்பாதியிலும் இருப்பதால், அது குப்புற விழப் பார்க்கும் இயந்திரம். நான்கு அங்குல மரச்சட்டங்கள் இரண்டை வாங்கிவரச் சொல்லி, கால்களில் இருந்த துளைகள் வழியாகவே போல்ட் போட்டு இறுக்கி, அடிப்பரப்பை அகலமாக்கினார். டூலைத் தாங்கி நகரும் சேடிலை, எதிர்முனையான டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பூட்டச் சொன்னார். எடை நடுவுக்கு வந்தது. சேடிலை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூவில் கயிறு படவே கூடாது என்று இளையவர்களை அதட்டினார். கடப்பாரையால் நெம்பி, அடியில் மூன்று இரும்புக் குழாய்களை உருட்டிவிட்டு, நாற்பது நிமிடத்தில் திண்ணையிலிருந்து லாரிக்குள் சேர்த்துவிட்டார்கள். மரச்சட்டங்களுக்கு ஆன செலவு 1,800 ரூபாய். மங்களூரில் எங்கள் சந்துக்குள் பெரிய லாரி நுழையாமல் குட்டியானைக்கு மாற்ற வேண்டியிருந்தபோதும் அந்தச் சட்டங்கள்தான் காப்பாற்றின.

இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் போன பிறகு, பேக்கிங் பிரிவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் வந்தார்கள்.

அவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல முடியாது; அக்கறை கூடிப்போனதே வினையாயிற்று. லேத்தின் பெட் (சேடில் ஓடும் அடித்தளம்) முழுவதும் நெளிவு அட்டையைப் படியவைத்து ஒட்டி, அதன் மேல் பபுள் ராப், அதன் மேல் ஸ்ட்ரெச் ரோலை எட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றினார்கள். பார்க்க மிகவும் பத்திரமாக இருந்தது. நானும் நிழற்படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பினேன். பெட்டில் எண்ணெய் தடவியிருக்கிறேனே, போதாதா என்று இருந்துவிட்டேன். அட்டை அந்த எண்ணெயைக் குடித்துவிட்டு, அதற்குப் பதிலாகக் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. சுற்றிய பிளாஸ்டிக் அந்த ஈரத்தை வெளியே விடாது.

2023இல் தென்மேற்குப் பருவமழை ஒரு வாரம் தாமதித்து ஜூன் 8ஆம் தேதிதான் கேரளத்தைத் தொட்டது. அதனால் இறக்கும்போது வெயில் அடித்தது. நல்ல சகுனம் என்று நினைத்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, எரிவாயு இணைப்பு, சமையலறை என்று பன்னிரண்டு நாட்கள் பட்டறைப் பக்கமே போகவில்லை. அதற்குள் மழை வந்து பிடித்துக்கொண்டது. 17ஆம் தேதி பிளாஸ்டிக்கைக் கிழித்தபோது, பெட்டின் மேல் அட்டையின் நெளிவுகள் அப்படியே செந்நிறக் கோடுகளாகப் பதிந்திருந்தன. ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, ஒரே சீராக, ஸ்கேல் வைத்து வரைந்தது போல. சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் வேறொன்று: யாரோ ஒருவர் வியர்வைக் கையோடு தூக்கிய நான்கு விரல்களும் உள்ளங்கையின் மேட்டுப் பகுதியும், ரேகைகள் எண்ணும் அளவுக்குத் தெளிவாகத் துருவாகியிருந்தன. வியர்வையில் உப்பு இருக்கிறது, வார்ப்பிரும்புக்கு அது போதும்.

உப்புத்தாளும் எண்ணெயும் கொண்டு தேய்த்ததில் நிறம் போனது, பள்ளம் போகவில்லை. பெட்டின் மேல் நகம் வைத்து இழுத்தால் கோடுகள் இன்றும் மெல்லத் தட்டுப்படும். சேடில் ஓடும் இடம் அது. வேலையின் நேர்த்தி எவ்வளவு கெட்டது என்று கேட்டால், அளந்து காட்டும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கைப்பிடியைச் சுழற்றும் ஒவ்வொரு தடவையும் என் கண் அங்கேதான் போகிறது. இரண்டு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அளந்து காட்டக்கூடிய கெடுதல் வேறொன்று இருந்தது, அது எளிதாகச் சரியாகிவிட்டது. புதிய தரையில் வைத்ததும் முதல் தண்டைக் கடைந்தபோது, 150 மில்லிமீட்டர் நீளத்தில் தண்டின் டெயில்ஸ்டாக் பக்க முனை 0.06 மில்லிமீட்டர் பருத்திருந்தது. சாலைக் குலுக்கலில் லேத் கெட்டுவிட்டதென்று பலர் இந்த இடத்தில் பயந்துவிடுவார்கள். கெட்டிருக்காது, தரை சமமில்லாமல் பெட் முறுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கொத்தனாரின் ரசமட்டம் இதற்கு உதவாது. நண்பர் ஒருவரிடம், மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் மட்டத்தை இரவல் வாங்கி, டெயில்ஸ்டாக் பக்க முன்காலுக்கு அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

துரு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை. கோவையில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட மங்களூரில் ஜூலை ஒரு மாதத்தில் பெய்வது அதிகம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். இங்கே அது வாரக்கணக்கில் 85க்குக் கீழே இறங்குவதில்லை. போதாததற்குக் கனத்த இரும்பு இரவில் குளிர்ந்து, காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே வரும் வெதுவெதுப்பான காற்றில் வியர்க்கும். என் பட்டறை செம்புரைக்கல் சுவர். அதுவும் தன் பங்குக்கு ஈரம் இழுக்கிறது. பல முயற்சிகளுக்குப் பிறகு எனக்குப் பலித்தது, கித்தான் துணியால் லேத்தை மூடி அதற்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவதுதான். இரும்பு சுற்றியுள்ள காற்றைவிடச் சற்றுச் சூடாக இருந்தால் வியர்க்காது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம். சிறிய டூல்களுக்கு வி.சி.ஐ. தாள் சுற்றி மூடிய பெட்டி. துருவைத் தடுக்கும் ஆவியை அந்தத் தாள் மெல்ல விட்டுக்கொண்டிருக்கும் என்பதால், இடுக்குகளுக்குள்ளும் அது வேலை செய்கிறது. ஏற்றிய அன்றே அந்தத் தாளை நெளிவு அட்டைக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

ஒவ்வோர் ஆண்டும் மே கடைசி வாரத்தில் எண்ணெய் தடவி, கித்தான் போட்டு, பல்பைப் போடுவேன். 2025இல் மே 24ஆம் தேதியே மழை கேரளத்துக்கு வந்து, உடனே இங்கும் ஏறிவிட்டது. நாங்கள் அப்போது கோவையில் ஒரு திருமணத்தில் இருந்தோம். திரும்பி வந்தபோது கிராஸ் ஸ்லைடு இறுகிப்போயிருந்தது. தம்பியின் அழைப்பு வந்தபோது நான் தேய்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அந்த நிறுவனத்திடம் புகார் செய்தீர்களா என்று கேட்பார்கள். செய்தேன், படங்களோடு. அறிவித்த மதிப்பில் மூன்று விழுக்காடு காப்பீட்டுக்கென்று வாங்கியிருந்தார்கள். துரு, நிறமாற்றம் ஆகியவற்றுக்கு ஈடு கிடையாது என்ற வரியைச் சுட்டிக்காட்டி மரியாதையாகப் பதில் எழுதினார்கள். வரி இருந்தது உண்மை. நான் படிக்காமல் கையெழுத்திட்டதும் உண்மை. பன்னிரண்டு நாட்கள் பிரிக்காமல் விட்டதும் நான்தான். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், மறுமுறை வீடு மாற்ற நேர்ந்தால் அவர்களை அழைக்க மாட்டேன். கண்ணாடி உடையாமல், காலந்தவறாமல், பேசிய தொகைக்கு மேல் குட்டியானைக்கு மட்டும் கூடுதலாக வாங்கிக்கொண்டு வேலையை முடித்தவர்களை ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று என் மனைவி கேட்கிறார். ஜனவரியில் கேட்டிருந்தால் நானும் நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன்.

தம்பிக்கு என் பதில்: லேத்தைக் கொண்டு வாருங்கள். விற்றால் பழைய இரும்பு விலைதான் கேட்பார்கள், இங்கே பைகம்பாடித் தொழிற்பேட்டைப் பக்கம் அதுபோல ஒன்று தேடினால் அந்த விலைக்குக் கிடைக்காது. பில்லர் டிரிலை விற்றுவிடலாம். டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஏற்றுங்கள். அதிகாலையில் கிளம்பச் சொல்லுங்கள், திம்பத்தைப் பகலில் கடக்கலாம். லேத்துக்கு வேண்டிய கிரீஸ், வி.சி.ஐ. தாள், பாலித்தீன் எல்லாவற்றையும் நீங்களே வாங்கி, கையுறை போட்டு, முந்தின நாளே உங்கள் கையால் சுற்றி முடித்துவிடுங்கள். பேக்கிங் பையன்கள் வரும்போது அவர்களுக்குச் சமையலறையைக் காட்டுங்கள். அந்த மூத்தவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இருந்தால், நான் சொன்னதையெல்லாம் மறந்து அந்த நிறுவனத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. பல்பு அணைந்து கால் மணி நேரமாகிறது. எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன்.