‘இதே டெலஸ்கோப்பில் எடுத்தது’ என்று படம் காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள்

வானத்தைப் படம் எடுக்கும் ஆசையில் முதல் டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்க வேண்டாம்.

நான் வாங்கியது நியூட்டோனியன் வகை, அதாவது குழாயின் அடியில் இருக்கும் பெரிய ஆடி ஒளியைக் குவிக்க, முன்பக்கம் இருக்கும் சின்ன ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். ஆடி 114 மி.மீ., குவியத் தூரம் (ஒளி குவிந்து பிம்பம் விழும் தூரம்) 1000 மி.மீ. என்று போட்டிருந்தது. ஆஸ்ட்ரோபோட்டோகிராபிக்கு ஏற்றது, 675 மடங்கு பெரிதாக்கும் என்றெல்லாம் விளம்பரம். கொஞ்சம் சந்தேகப்பட்டுக் கேட்டபோது விற்றவர் ஒரு படம் அனுப்பினார். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முழுசாக இருந்தது. “இதே டெலஸ்கோப்ல சாதாரண டிஎஸ்எல்ஆர் மாட்டி ஒரே ஃப்ரேம்ல எடுத்தது சார்” என்றார். அந்தப் படத்துக்காகத்தான் பணம் கட்டினேன்.

முதல் ராத்திரி மொட்டை மாடியில் கேமராவை மாட்டி நிலாவைப் பிடித்தேன். ஃபோகஸரை (கேமராவை முன்னும் பின்னும் நகர்த்திப் பிம்பத்தைத் தெளிவாக்கும் சின்னக் குழாய்) உள்ளே திருகத் திருக விளிம்பு தெளிவாகிக்கொண்டே வந்தது, இன்னும் கொஞ்சம் திருகினால் போதும் என்கிற இடத்தில் டக்கென்று முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் போகாது. சரி, கண்ணாலாவது பார்ப்போம் என்று கேமராவைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டு வியாழனைத் தேடினால், பட்டைகள் எதுவும் இல்லை, வெறும் வெளிச்சத் திட்டு. வெறும் 100 மடங்கிலேயே இந்தக் கதி. (114 மி.மீ. ஆடியில் உருப்படியாகப் பார்க்க முடிவது அதிகபட்சம் 230 மடங்குதான், அந்த 675 வெறும் பெட்டிமேல் அச்சடித்த எண்.)

போன் செய்தேன். “வானம் சரியில்ல சார், பழகப் பழக வரும்” என்றார். நானும் நம்பி ஒரு மாதம் பழகினேன். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துபோனது. அந்தப் பதிலே அதற்காகத்தான் என்று இப்போது எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம்தான் ஒருநாள் டேப் வைத்துக் குழாயை அளந்தேன். அரை மீட்டர்கூட இல்லை! சாதாரண நியூட்டோனியனில் குழாய் ஏறக்குறைய குவியத் தூரத்தின் நீளம் இருக்கும். ஐபீஸ் போடும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஃபோகஸர் குழாயின் அடியில் ஒரு சின்ன லென்ஸ் உட்கார்ந்திருந்தது. இந்த அமைப்புக்குப் பேர்ட்–ஜோன்ஸ் என்று பெயர். உள்ளே இருப்பது குவியத் தூரம் குறைந்த, செய்ய எளிதான கோள ஆடி. அதன் பிழையைத் திருத்திக் குவியத் தூரத்தையும் நீட்ட வேண்டியது அந்த லென்ஸின் வேலை. அமைப்பைக் குறை சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்தால் வேலை செய்யும். மலிவாகச் செய்த லென்ஸ் பிழையைத் திருத்தாது, ஆடிகளை நேராக்கும் வேலையையும் பெரும்பாடாக்கிவிடும்.

அந்தச் சந்தேகத்தோடு பழைய படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. ஆண்ட்ரோமீடா வானத்தில் கிட்டத்தட்ட ஆறு முழுநிலா அகலம். 1000 மி.மீ. குவியத் தூரத்தில் நிலாவின் பிம்பம் 9 மி.மீ. வரும், என் கேமரா சென்ஸாரின் அகலம் சுமார் 23 மி.மீ., இரண்டரை நிலாதான் கொள்ளும். ஆறு நிலா எப்படி ஒரே ஃப்ரேமில் அடங்கும்? போதாததற்கு, படத்தில் பிரகாசமான நட்சத்திரங்களுக்கு நான்கு கதிர்கள். என் டெலஸ்கோப்பில் சின்ன ஆடியைத் தாங்கும் தகடுகள் மூன்று. மூன்று தகடு இருந்தால் ஆறு கதிர் வரும், நான்கு வராது. டெலஸ்கோப்பைச் சிரியஸ் நட்சத்திரத்தின் பக்கம் திருப்பி எண்ணினேன், ஆறுதான். அது வேறு யாரோ வேறு கருவியில் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து எடுத்த படம்.

இதைச் சொன்னதும் “அது ரெஃபரன்ஸுக்கு அனுப்பின படம் சார்” என்றார். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

வாங்கும் முன் குழாயின் நீளத்தைக் கேளுங்கள். குவியத் தூரத்தில் பாதிதான் இருக்கிறது என்றால், ஃபோகஸருக்குள் லென்ஸ் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கேமரா மாட்டி ஃபோகஸ் ஆவதை உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட் வானத்தோடு தானாகத் திரும்புமா என்றும் கேளுங்கள். 1000 மி.மீ.யில் திரும்பாத மவுன்டை வைத்து அரை விநாடி திறந்தாலே நட்சத்திரம் கோடாகத் தொடங்கிவிடும். இப்போது நான் அதே கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டி, ட்ரைபாடில் வைத்து 5 விநாடிப் படங்களாக நிறைய எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறேன், ஓரையன் நெபுலா அழகாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் அந்தப் பெட்டியில் இருந்த ‘சன் ஃபில்டர்’ மேல்தான். நகம் அளவுக் கருப்புக் கண்ணாடி, ஐபீஸில் திருகுவது. ஆடி குவித்த வெயில் முழுவதும் அதன்மேல் விழும், சூட்டில் அது பட்டென்று விரிசல் விட்டால் அடுத்த நொடி அந்த வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் கண் போவதுகூட அப்போது தெரியாது. சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்வாயை முழுசாக மூடுவதாக இருக்க வேண்டும். என்னிடம் இருந்ததைச் சுத்தியலால் உடைத்துப் போட்டேன். உங்கள் பெட்டியிலும் அது இருந்தால், குழந்தைகள் கையில் கிடைக்கும் முன் இன்றைக்கே எடுத்து உடைத்துவிடுங்கள்.