மறைந்தவரின் பக்கம்: பேஸ்புக் நினைவுக் கணக்கு பற்றிய ஒரு மதிப்பீடு

ஒருவர் எதிர்பாராமல் மறைந்துபோனால், அவருடைய பேஸ்புக் கணக்கை என்ன செய்வது என்ற கேள்வி, துக்கம் விசாரிக்க வருவோரின் வரத்து குறைந்து வீடு அடங்கிய பிறகுதான் எழுகிறது. நோய்நொடி ஏதுமின்றி நடமாடிக்கொண்டிருந்த என் சித்தப்பா மாரடைப்பால் ஒரே இரவில் எங்களை விட்டுப் போனபோது, அவருடைய மூத்த மகளான என் தங்கை அந்தக் கணக்கை அழித்துவிடாமல் நினைவுக் கணக்காக மாற்றினாள். தொடக்கம் முதல் அவளுடன் சேர்ந்து அதைக் கவனித்து வருகிறேன் என்பதால், அந்தச் சேவை எங்கே கைகொடுக்கிறது, எங்கே போதாமல் போகிறது என்பதை இதே நிலையில் இருக்கும் பிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வசதி 2009ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நெருங்கியவர் ஒருவர் மறைவை உறுதிப்படுத்தி விண்ணப்பித்தால், பெயரருகே நினைவுகூர்தலைக் குறிக்கும் சொல் ஒன்று சேர்கிறது. கடவுச்சொல்லை அறிந்தவர்கூட அதன்பின் உள்ளே நுழைய முடியாது. பிறந்தநாள் நினைவூட்டல்களில் அவர் பெயர் வருவதும் நின்றுவிடுகிறது. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கணவருக்கு வாழ்த்துச் சொல்லும்படி கைப்பேசி நினைவூட்ட, அதை மனைவி பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒன்றுக்காகவே விண்ணப்பித்துவிடலாம்.

நினைவுக் கணக்கைப் பார்த்துக்கொள்ள லெகசி கான்டாக்ட் என்ற பொறுப்பாளரை உயிருடன் இருக்கும்போதே நியமித்துவைக்கும் வழி 2015இல் வந்தது. எந்தப் படிவத்திலும் நாமினி பெயரை எழுதாமல் விடாத மனிதர் சித்தப்பா; காப்பீட்டிலும் வங்கியிலும் செய்ததைப் போலவே இங்கும் மூத்த மகளின் பெயரைக் கொடுத்திருந்தார். அதனால்தான் அவளால் பக்கத்தின் உச்சியில் ஓர் அறிவிப்பை வைக்கவும், முகப்புப் படத்தை மாற்றவும், புதிய நட்பு வேண்டுகோள்களை ஏற்கவும் முடிந்தது.

அந்த வேண்டுகோள்களின் வழியாக வந்தவர்களே எங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. வீட்டில் எந்த விசேஷமானாலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் சித்தப்பா; ஆல்பம் ஆல்பமாக நாங்கள் எல்லோரும் இருப்போம், அவர் மட்டும் இருக்கமாட்டார். அவர் உடன் பணிபுரிந்தவர்களும் பள்ளித் தோழர்களும் பதிவிட்ட படங்களில்தான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கும் சித்தப்பாவை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். அலுவலக நண்பர் ஒருவர், சித்தப்பாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு மகள்களின் தேர்வு அட்டவணையும் எப்போதும் இருக்கும் என்றும், ஒவ்வொரு தேர்வும் முடியும் நேரத்துக்குச் சரியாக அவர் எழுந்து வெளியே சென்று தொலைபேசியில் பேசிவிட்டு வருவார் என்றும் எழுதியிருந்தார். அந்த அழைப்புகளை எடுத்துப் பேசிய என் தங்கைக்கு, அதற்காக அப்பா நேரம் பார்த்துக் காத்திருந்தார் என்பது தெரியாது. "அண்ணா, இதைப் படித்தாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கைப்பேசியைச் சித்தியிடம் நீட்டினாள். ஒரு குடும்பத் தலைவரின் வாழ்க்கையில் பாதி, குடும்பத்தின் கண்ணில் படாத இடங்களில் நடக்கிறது; அந்தப் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் இதற்கு ஈடான வேறொரு சேவையை நான் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. பொறுப்பாளரை நியமிக்காமலே ஒருவர் மறைந்து, கணக்கும் நினைவுக் கணக்காகிவிட்டால், பிறகு எவரையும் சேர்க்க இயலாது. எதிர்பாராமல் இறப்பவர்களில் எத்தனை பேர் இதையெல்லாம் யோசித்து வைத்திருப்பார்கள்? உண்மையில் இந்த வசதி அவர்களுடைய குடும்பங்களுக்குத்தான் மிகவும் தேவைப்படுகிறது. தக்க சான்றுகளைப் பெற்றுக்கொண்டு அவர்களுக்கும் கதவைத் திறப்பதே நியாயம். பதிவுகளையும் படங்களையும் மொத்தமாக நகலெடுத்துக்கொள்வதற்கும், கணக்குக்கு உரியவர் முன்பே அனுமதித்திருக்க வேண்டும். தனிப்பட்ட செய்திகளைப் பொறுப்பாளர்கூடப் படிக்க முடியாது என்ற விதியை மட்டும் நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். அவை அவரை நம்பி எழுதியவர்களுக்கும் சொந்தமானவை.

கைப்பேசியில் உள்ள படங்களுக்கு இது உதவாது. ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த ஏற்பாட்டில், முன்னரே நியமிக்கப்பட்டவர் தம்மிடம் உள்ள அணுகல் குறியீட்டையும் இறப்புச் சான்றிதழையும் கொடுத்து, ஐகிளவுடில் சேமித்த படங்களையும் குறிப்புகளையும் பெறலாம். அந்த அனுமதி 3 ஆண்டுகளுக்கு மட்டுமே. கூகுளில், கணக்கு குறிப்பிட்ட காலம் பயன்படாமல் கிடந்தால் நாம் சொல்லிவைத்தவருக்குத் தகவல் அனுப்பி, நாம் தேர்ந்தெடுத்தவற்றைப் பகிரும் ஏற்பாடு 2013 முதல் உள்ளது. இரண்டுமே கோப்புகளை மீட்டுக்கொடுக்கும். அலுவலக நண்பரை அழைத்துவந்து பேசவைப்பது பேஸ்புக் பக்கம் மட்டுமே.

கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தினருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். பொறுப்பாளராக, முதல் நாட்களின் அழுகையோடு நின்றுவிடாமல் ஆண்டுகள் கழித்து வரும் நட்பு வேண்டுகோளையும் பொறுமையாகப் பார்த்து ஏற்கக்கூடியவரைத் தேர்ந்தெடுங்கள். நகலெடுக்கும் அனுமதியையும் அப்போதே கொடுத்துவிட்டு, அவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.